கொஞ்சம்

12 ஜனவரி 2025

அன்புள்ள சுதா அக்காவுக்கு லாவண்யா எழுதுவது.

இவ்வளவு ராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இங்கே மணி ஒன்றரை. ஆவடியில் பத்துதான் ஆகியிருக்கும். என் பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் ஜப்பான் வந்து சேர்ந்ததிலிருந்து உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான் தாங்கவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமா மாத்திரையை விடாமல் போடுகிறாரா?

நேற்று வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் ரேஷ்மா பாப்பா போனை நக்கினாளே, அப்புறம் மூச்சு முட்ட அழுது வாந்தி எடுத்தாளே, அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ சொன்னதுதான் சரி. இனி வீடியோ வேண்டாம். குரலைக் கேட்டாலும் போனுக்குப் பின்னால் என்னைத் தேடுகிறாள் என்றால் பேச்சும் வேண்டாம். நான் எழுதுகிறேன். உனக்கு டைப் அடிக்க வராது, தெரியும். நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு, போதும்.

இவருக்கு இங்கே மூன்று மாத வேலைதானே என்றார்கள். கம்பெனி விடுதியில் மனைவிக்கு இடம் உண்டு, குழந்தைக்குக் கிடையாது. ஒன்றரை வயசாகிவிட்டது, பாலை மறக்க வைக்க இதைவிட நல்ல சமயம் வராது என்று மாமியார் வேறு சொன்னார். எனக்கும் வர ஆசை இருந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அவள் பாலை மறந்தாளோ என்னவோ, என் உடம்பு மறக்கவில்லை. ராத்திரியானால் மார்பு கல்லாகிவிடுகிறது. வெந்நீர்த் துணியை வைத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. வேலப்பன்சாவடியில் நான் காலேஜ் போன நாலு வருஷமும் டப்பா கட்டிக் கொடுத்தவள் நீ. உன்னிடம் விடுகிறேன் என்பதால்தான் விமானம் ஏறினேன்.

இங்கே கக்கூசுக்கென்று தனிச் செருப்பு. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டே விடுதியின் சாப்பாட்டு அறைவரைக்கும் போய்விட்டேன். பத்துப் பேர் பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் இவர்தான் ஓடி வந்து என் காலைக் காட்டினார். நம் ஊராக இருந்தால் நாலு பேர் "இன்னாம்மா இது!" என்று கத்தியிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும்.

இன்னொன்று. பாப்பா எதையும் இடது கையால்தான் பிடிக்கிறாள். மாமியார் மாதிரி கையில் தட்டாதே. மெதுவாகச் சொல்லி வலது கைக்கு மாற்று. தூங்கும்போது இடது கட்டைவிரல் வாயில் இருந்தால் எடுக்காதே, முழித்துக்கொள்வாள்.

பதில் எழுது.

உன் லாவண்யா


16 ஜனவரி 2025
சேக்காடு, ஆவடி

என் செல்லம் லாவண்யாவுக்கு அக்கா எழுதறது.

உன் கடுதாசியைப் படிச்சு அழுதேன், சிரிச்சேன். கக்கூஸ் செருப்புக் கதையை உங்க மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "எம்மாம் பெரிய படிப்பு படிச்சு இன்னா பிரயோஜனம்"னு விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் சவுக்கியம். அம்பத்தூர் கம்பெனி பஸ்ஸுல அவருக்குக் காலை ஷிப்ட் போட்டிருக்காங்க. எங்க பொண்ணு சாமு காலேஜ் ஹாஸ்டல்லேருந்து பொங்கலுக்கு வந்துட்டுப் போனா. மாப்பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு.

பாப்பா ராஜாத்தி மாதிரி இருக்கறா. இன்னிக்குக் காணும் பொங்கல்னு பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரே கூட்டம். வாத்தைப் பாத்து "கா கா"ன்னு கூப்பிட்டா. கரும்புத் துண்டை இடது கையிலதான் பிடிச்சா. நான் மாத்தி மாத்திக் குடுத்தேன், அவ மாத்தி மாத்தி வாங்கிக்கினா. "வுடு சுதா, லெப்ட்ல அடிக்கிறவனுக்குத்தான் டீம்ல கிராக்கி"ன்னு உங்க மாமா சொல்றார். எனக்கென்னவோ அந்தக் கை மாறாதுன்னுதான் தோணுது.

இங்கயும் பனிதான். பக்கெட்டுல கரண்ட் கம்பி போட்டு வெந்நீர் வெச்சு சாயங்காலமாக் குளிக்க ஊத்தறேன், அப்பத்தான் ராத்திரி நல்லாத் தூங்கறா. மொத மூணு நாள் உன் நைட்டியை மோந்து பாத்துக்கினு அழுதா. இப்ப அதைத் தலைக்கடியில வெச்சா போதும். நீ வெந்நீர் ஒத்தடத்தோட முட்டைக்கோஸ் இலையையும் வெச்சுக் கட்டு, பால் வத்தும்.

போட்டோ வெச்சிருக்கேன். பாரு, வாயெல்லாம் கரும்புச் சாறு.

இப்படிக்கு
அக்கா


21 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போட்டோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. இவர் அதை பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்.

இங்கே ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். இவருக்கு வேலை சொல்லித் தருகிற மோரி சாரின் மனைவி. போனில் இருக்கிற மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அவளும் பேசுகிறோம். ரயிலில் யாரும் பேசுவதில்லை அக்கா. போன் அடித்தால் கொலைக்குற்றம் மாதிரி எடுத்து அமுக்குகிறார்கள். சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தேன். மோரி அம்மா அதை எடுத்துப் படுக்க வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை. அது பிணத்துக்கு முன்னால் வைக்கிற முறை என்று இவர் எங்கோ விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

ஆனால் ஒன்று நம்மை மாதிரியே இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது இவர்களும் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்றுதான். வீட்டில் இருப்பவர் "போயிட்டு வா" என்று பதில் சொல்ல வேண்டும். அது தெரிந்ததிலிருந்து தினமும் காலையில் இவர் வாசலில் நின்றுகொண்டு அதை ஜப்பான் பாஷையில் சொல்கிறார், நான் பதில் சொல்கிறேன். ஒரே சிரிப்புதான்.

வெந்நீர் வைக்கும்போது ஜாக்கிரதை. பாப்பா எல்லாவற்றையும் தொடுவாள். நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. தூரத்தில் இருந்தால் வாய் சும்மா இருப்பதில்லை.

உடனே எழுது.

லாவண்யா


2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்றுதான் நம்புகிறேன். நான் எழுதிப் பன்னிரண்டு நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இருபத்து நாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, மனசு கேட்காமல் நம் ஒப்பந்தத்தை மீறி ஒரு தடவை போன் அடித்தேன். அவள் குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான். நீ எடுக்கவில்லை. திட்டுவாயோ என்று மறுபடி அடிக்கவில்லை. போன வாரம் பொறுக்க முடியாமல் மாமாவுக்கு அடித்தேன். "இன்னாம்மா, கொயந்த ஜோரா கீது. தூங்குது. நீ குளிர்ல உடம்பப் பாத்துக்கோ" என்றார். பின்னால் யாரோ வரிசையாக நம்பர் கூப்பிடுவது கேட்டது. ரேஷன் கடையில் நிற்கிறேன் என்றார். மாமா ரேஷன் கடைக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

இவருக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஒரு வாரமாக வேலை முடிந்து நேராக வருவதில்லை, எங்கோ நடந்துவிட்டு வருகிறார். குளிக்கப் போனால் ஒரு மணி நேரம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். கண் சிவந்து வெளியே வந்தால் ஷாம்பு என்கிறார். காலையில் "போயிட்டு வரேன்" விளையாட்டும் நின்றுபோனது. வேலை பளு என்று விட்டுவிட்டேன்.

என் மேல் கோபமா? எதுவானாலும் எழுது. ஒரே ஒரு வரியாவது போடு.

லாவண்யா


9 பிப்ரவரி 2025
சேக்காடு

அன்பு லாவண்யாவுக்கு,

இங்க எல்லாரும் இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்குங்க.

பதில் போடலன்னு கோவிச்சுக்காத. போன் கொஞ்சம் மக்கர் பண்ணிச்சு. பாப்பாவுக்குக் கொஞ்சம் சளி. டாக்டர்கிட்டக் காட்டி மருந்து குடுக்கறோம். ராத்திரியில கொஞ்சம் அழுவறா, அப்புறம் தூங்கிடறா. எனக்கும் கொஞ்சம் அசதி, வேற ஒண்ணுமில்ல.

உனக்கு ஒரு சந்தோஷமான சேதி. பாப்பா இப்ப வலது கையாலதான் சாப்பிடறா. ஸ்பூனைக் குடுத்தாலும் வலது கையிலதான் வாங்கறா. பழக்கம் மாறிடுச்சு.

போட்டோ அனுப்பறேன். உங்க மாமா மடியில உக்காந்திருக்கறா. பனிக்குத் துண்டு போத்தியிருக்கு.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. அவர்மேல கோவப்படாத.

அக்கா


15 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் சோறு இறங்கியது. சளிக்குக் கற்பூரவல்லி கொடுத்தாயா? உன் அசதிக்கு நீயும் டாக்டரிடம் காட்டு.

வலது கைக்கு மாறிவிட்டாளா! நானும் மாமியாரும் ஆறு மாதமாகத் தலைகீழாக நின்றும் நடக்காததை நீ ஒரு மாதத்தில் செய்துவிட்டாயே. அடிக்கவில்லையே? மாமியாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "இதுக்குத்தான் பெரியவங்க கையில விடணும்ன்றது" என்றார். இவரிடம் சொன்னேன். ம் என்றார். எழுந்து போய்விட்டார்.

முந்தாநாள் கம்பெனி எங்களை வெந்நீர் ஊற்று இருக்கிற ஊருக்கு அழைத்துப் போனது. தங்குமிடத்தில் ஆளுக்கொரு பருத்தி அங்கி கொடுத்தார்கள், நீளமாக, இடுப்பில் நாடா கட்டுகிற மாதிரி. நான் வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டிக்கொண்டேன். இவருக்கும் அப்படியே கட்டிவிட்டு ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேனே, அதுதான். அறையை விட்டு வெளியே வந்தால் அங்கே வேலை செய்கிற அம்மாள் எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள். சிரித்த முகத்தோடு "ச்சொத்தோ..." என்று இழுத்தாள். ச்சொத்தோ என்றால் கொஞ்சம் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் என்ன? அதைச் சொல்லவில்லை. என் நாடாவை அவிழ்த்து, இடது பக்கத்தை மேலே போட்டுத் திருப்பிக் கட்டிவிட்டாள். குழந்தைக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி. மோரி அம்மாவிடம் ஏன் என்று கேட்டால் அவளும் "ச்சொத்தோ..." என்று தரையைப் பார்க்கிறாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் இவர் போனில் தேடிப் படித்தார். வலது பக்கம் மேலே வருகிற மாதிரி உடுத்துவது செத்தவர்களுக்காம். நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை அக்கா. முகமே செத்துப்போய், "அந்த போட்டோவ அழி. அக்காவையும் அழிக்கச் சொல்லு, இப்பவே சொல்லு" என்றார். இவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் தாலி கட்டியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அழித்துவிடு. பாப்பா ஸ்பூன் பிடிக்கிற போட்டோ ஒன்று அனுப்பு.

லாவண்யா


26 பிப்ரவரி 2025

லாவண்யாவுக்கு,

போட்டோவை அன்னிக்கே அழிச்சுட்டேன்.

பாப்பா கொஞ்சம் எளச்சுட்டா. பல்லு மொளைக்குது, அதனால இருக்கும். எனக்குக் கொஞ்சம் வெளிய போற வேலை அதிகமாயிடுச்சு, அதான் எழுத முடியல. இன்னிக்கு சிவராத்திரி, முழிச்சிருக்கேன். நீ கொஞ்சம் பொறுத்துக்கோ, ஏப்ரல் வந்துடும்.

போட்டோ ஒண்ணு வெச்சிருக்கேன். தூங்கறப்ப எடுத்தது.

உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா


3 மார்ச் 2025

அக்கா,

உன் நலம் கேட்க வேண்டும், முறை. இன்றைக்கு முறையாக எழுத வரவில்லை.

இன்று இங்கே பெண் குழந்தைகள் நாள். பொம்மை வைத்துக் கும்பிடுகிறார்கள். மோரி அம்மா நம் பாப்பாவுக்கென்று இரண்டு காகிதப் பொம்மை செய்து கொண்டுவந்தாள். பாப்பாவைக் காட்டு என்றாள். முதலில் இடது கைக்காரியாக இருந்தாள், என் அக்கா மாற்றிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவளுடைய மகனும் இடது கையாம், ஏழு வருஷமாகியும் மாறவில்லையாம். எப்படி மாற்றினார்கள், இரண்டு கையையும் காட்டு என்று ஆசையாகக் கேட்டாள்.

ஜனவரி போட்டோவில் இடது கையில் கரும்பு இருந்தது, காட்டினேன். பிப்ரவரியில் நீ அனுப்பியதை எடுத்தேன். மாமா மடியில், துண்டு போர்த்தி. இடது கையைத் தேடினேன். தூங்குகிற போட்டோவில் வலது பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கிறாள், போர்வை கழுத்துவரை இருக்கிறது. கட்டைவிரல் வாயில் இல்லை. மோரி அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு "ச்சொத்தோ..." என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று அவளை விடாமல் கேட்டேன். மொழிபெயர்ப்பில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: இங்கே யாரும் கெட்டதை வாயால் சொல்ல மாட்டோம். கொஞ்சம் என்று சொல்லி நிறுத்துவோம். மிச்சத்தைக் கேட்கிறவர் புரிந்துகொள்வார்.

அவள் போன பிறகு உன் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். ஜனவரியில் எழுதியதில் கொஞ்சம் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. பிப்ரவரியில் எழுதிய இரண்டிலும் சேர்த்து ஏழு இடம். கொஞ்சம் மக்கர், கொஞ்சம் சளி, கொஞ்சம் அழுவறா, கொஞ்சம் அசதி, கொஞ்சம் எளச்சுட்டா, கொஞ்சம் வெளிய வேலை, கொஞ்சம் பொறுத்துக்கோ. உன் எழுத்தும் கோணிப்போயிருக்கிறது. "அந்தக் கை மாறாது" என்று எழுதியவளும் நீதான்.

என் பிள்ளையின் இடது கைக்கு என்ன ஆயிற்று?

லாவண்யா


5 மார்ச் 2025

லாவு,

உன்னை நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்ல.

ஜனவரி இருபத்தி நாலு, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு ஆகல. பாப்பாவைக் குளிக்க வைக்கலாம்னு பக்கெட்டுல கம்பி போட்டிருந்தேன். தண்ணி காஞ்சிடுச்சு. உள்ள போன் அடிச்சுது. அவசரத்துல கம்பியைத் தூக்கிக் குழாயில மாட்டிட்டு ஓடினேன். சுவிட்சை அணைச்சேன்னுதான் இன்னிக்கு வரைக்கும் என் மனசு சொல்லுது. அணைக்கல. யார் போன் பண்ணாங்கன்னு அப்புறம் பாக்கத் தோணல.

தண்ணியில்லாம கம்பி செவந்துபோச்சு. பாப்பா ஹால்லதான் உக்காந்திருந்தா. எப்ப எழுந்து போனாளோ. பளிச்சுன்னு இருந்ததும் பிடிச்சுட்டா. எந்தக் கையால பிடிப்பா, உனக்குத் தெரியும். அவ கத்தல லாவு. ஒரு சத்தம்தான், அப்புறம் மூச்சு இல்ல. நான் போய்த்தான் கையைப் பிரிச்சேன்.

பெரிய ஆஸ்பத்திரியில பதினாலு நாள் வெச்சிருந்தோம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் கருத்துப்போச்சு. எடுத்தாத்தான் மிச்சக் கை பிழைக்கும்னாங்க. எடுத்துட்டாங்க. தொடையிலேருந்து தோலை எடுத்து உள்ளங்கையில வெச்சிருக்காங்க. கட்டைவிரல் உள்பக்கமா மடங்கி இருக்குது, நீட்ட முடியல. பன்னெண்டாம் தேதி அதுக்கு ஒரு ஆபரேசன்.

மாப்பிள்ளைக்கு அன்னிக்கு ராத்திரியே சொன்னோம். விரலை எடுக்கப் பெத்தவங்க சம்மதம் கேட்டாங்க, அவர்தான் எழுதி அனுப்பினார். கீழ உங்க மாமா கையெழுத்துப் போட்டார். "லாவண்யாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கறேன், நீங்க சொல்லாதீங்க"ன்னார். சொல்லியிருப்பார்னு நெனச்சேன். உன் ரெண்டாம் தேதி கடுதாசியைப் பாத்தப்பதான் சொல்லலன்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் எனக்கு எதை எழுதறதுன்னே தெரியல.

ஆனா வலது கைக்கு மாத்திட்டேன்னு எழுதினது மாப்பிள்ளை சொல்லிக் குடுத்ததில்ல. அது நானே எழுதினது. நீ சந்தோஷப்படுவேன்னு எழுதினேன். அந்தப் பாவம் என்னுது.

உங்க மாமா சாப்பாட்டுல உக்காந்தாலே அழுவறார். "அந்தக் கம்பிய நான்தான் வாங்கினு வந்தேன், எங்கையாலதான் வாங்கினு வந்தேன்"னு சொல்லிக்கினே கீறார். நீ வந்து என்னை அடி. செருப்பால அடி. வாங்கிக்கறேன்.

சுதா


6 மார்ச் 2025
விமான நிலையம்

அன்புள்ள அக்காவுக்கு லாவண்யா எழுதுவது.

மறுபடியும் அகாலத்தில்தான் எழுதுகிறேன். விடிந்தால் விமானம். நான் மட்டும் வருகிறேன். மோரி சாரும் மோரி அம்மாவும் காரில் கொண்டுவந்து விட்டார்கள். மோரி அம்மா காகிதப் பொம்மைகளை டப்பாவில் வைத்து என் கைப்பையில் திணித்தாள்.

உன் கடிதத்தை இவர் முன்னால் வைத்தேன். படிக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். மாமா தினமும் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். கட்டுப் போட்ட கை, கட்டு அவிழ்த்த கை, தையல், தோல். நாற்பது நாளும் ஒன்று விடாமல் இருக்கிறது. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து இவர் பார்த்தது அதைத்தான். நான் ஷாம்பு மாற்றிப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

"போயிருப்பேன்."

"போயி? போன விரலு வந்திருக்குமா? நீயாவது நிம்மதியா தூங்கட்டும்னு இருந்தேன். ரெண்டு பேரும் அழுதா எப்படி லாவண்யா இந்த ஊர்ல நாள ஓட்டறது?"

அவரைத் திட்ட நினைத்தேன், வரவில்லை. அவர் அழுத அழுகையெல்லாம் எனக்குத் தெரியாமல் அழுதது. அதை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, பக்கத்தில் நிற்கக் கூசவும் செய்கிறது. என் பிள்ளையின் விரல் போன அன்றைக்கு நான் இந்த ஊரில் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிக்கொண்டு பாலை வற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு "போறேன்" என்றேன். போயிட்டு வரேன் என்று வாயில் வரவில்லை. அவர் திருத்தவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கரும்பு போட்டோவை மட்டும் உரித்தெடுத்து என்னிடம் கொடுத்தார்.

அக்கா, நீ எழுதியதை இங்கே உட்கார்ந்து பத்துத் தடவை படித்துவிட்டேன். அதில் கொஞ்சம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். ஆறு ஆகவில்லை, உள்ளே போன் அடித்தது, யார் என்று பார்க்கத் தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்திருப்பாய். பார்க்காமல் இருக்கிற ஆள் நீ இல்லை.

நான் உனக்கு அடித்த நேரம் என் போனில் இன்னும் இருக்கிறது. ஜனவரி இருபத்து நாலு, ராத்திரி ஒன்பது பன்னிரண்டு. அதில் நம் ஊர் பின்தங்கியிருக்கிற மூன்றரை மணி நேரத்தைக் கழித்துப் பார்க்கக் கூடாது என்றுதான் நேற்றெல்லாம் இருந்தேன். கழித்துவிட்டேன். ஐந்து நாற்பத்திரண்டு. பேச்சே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளும் நான், இரண்டு வாரம்கூடப் பொறுக்காமல் அடித்தவளும் நான். நாற்பது நாளாக நீ என்னிடம் மறைத்தது விரலையா, இதையா?

உன்னை நான் எதற்கு அடிக்க?

பாப்பாவிடம் நான் வருகிறேன் என்று சொல்லாதே. அவளாகப் பார்க்கட்டும். அடையாளம் தெரியாமல் உன் பின்னால் ஒளிந்துகொண்டால் ஒளிந்துகொள்ளட்டும்.

நான் இறங்குவதற்கு முன்னால் எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்றைக்கு அடித்தது என் போன்தானே? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. கொஞ்சம் என்று ஆரம்பிக்காதே. சீக்கிரம் பதில் போடு.

லாவண்யா